கரையில் விட்ட கட்டைச் செருப்பு

நடக்கச் சிரமப்படுகிறவர்கள் கப்பலில் சுற்றுலா போகலாமா என்று இப்போதெல்லாம் என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் தோணிக்காரரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் செருப்பை உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மாப்பிள்ளையூரணியில் பள்ளிச் சீருடை தைக்கிறவள். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் இடது காலை வலது காலைவிட நாலு விரல் குட்டையாக்கிவிட்டுப் போனது. அந்த நாலு விரலை ஈடுகட்ட இடது செருப்புக்கு அடியில் ஒரு மரக்கட்டை உண்டு. எங்கள் வீட்டில் அதற்குக் கட்டைச் செருப்பு என்று பெயர். அது காலில் இருந்தால் ஊன்றுகோலோடு கடைத்தெரு வரைக்கும் நடப்பேன். இல்லாவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரைக்கும்தான். தூரம் போக வேண்டுமென்றால் சக்கர நாற்காலி.

என் வீட்டுக்காரர் இன்னாசி, தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணி ஓட்டினவர். வெங்காயம், காய்கறி, செங்கல், சிமெண்ட் என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். இவர் கடைசிப் பதினைந்து வருஷம் தண்டலாக இருந்தார். இப்போது கரையோடு சரி, ஒரு கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், மேற்பார்வை.

கல்யாணமான புதிதில் என் செருப்புக்கு அடியில் இருந்தது ஊரில் செய்த கட்டை. சாயங்காலம் ஆனால் இடுப்பு கழன்று விழுகிற மாதிரிக் கனம். இரண்டாவது வருஷம் இவர் மாலத்தீவுத் தலைநகர் மாலேயிலிருந்து ஒரு கட்டை கொண்டுவந்தார். அங்கே மீன்வலை மிதவைக்குச் செதுக்குகிற லேசான மரம். கையில் வைத்தால் காலி டப்பா மாதிரி இருந்தது, காலில் கட்டினால் எனக்கென்றே அளவெடுத்த மாதிரி பொருந்தியது. செய்தவர் மூசாபே என்ற படகுத் தச்சர். அந்த ஊரில் மூத்தவர்கள் பேருக்குப் பின்னால் 'பே' போட்டுக் கூப்பிடுவார்களாம், நாம் அண்ணாச்சி என்கிற மாதிரி. தேய்ந்துபோகும்போதெல்லாம் காகிதத்தில் கால் வரைந்து அனுப்புவேன். அடுத்த தோணியில் புதுக்கட்டை வரும். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் நடக்கிறேன். அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை.

போன வருஷக் கடைசியில் மூசாபே போனில் இவரிடம், "கை நடுங்குது தண்டல், இனி ஒண்ணுதான் செய்வேன், அதோட சரி" என்று சொல்லிவிட்டார். எண்பது வயதாகிறது. அன்றைக்கு எனக்குத் தையலே ஓடவில்லை. என் பாதிக் காலைச் செய்தவரை நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் நான் என்ன மனுஷி என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் ஊரிலிருந்தே ஒரு சுற்றுலாக் கப்பல் மாலே போய்த் திரும்புகிறது, ஐந்து நாள் பயணம் என்று மகள் சொன்னாள். ஏற்பாடெல்லாம் அவள்தான். அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

முதல் நாள் மத்தியானம் புதுத் துறைமுகத்துக்குக் கிளம்பினோம். இரண்டு பக்கமும் உப்பளம், கண் கூசுகிற வெயில். இவர் வெள்ளை வேட்டியில், தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, மக்ரூன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மூசாபேக்கு எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் மிட்டாய் என்றால் உயிராம். தோணி ஓட்டின காலத்தில் மக்ரூன் இல்லாமல் இவர் மாலே போனதே கிடையாது.

சோதனை வாசலில் என் கட்டைச் செருப்பையும் அதன் ஜோடியையும் கழற்றச் சொன்னார்கள். தட்டிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள், இயந்திரத்துக்குள் இரண்டு தடவை அனுப்பினார்கள். திருப்பித் தருவதற்குள் கப்பல் ஊழியர்கள் இரண்டு பேர் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். செருப்பு இவர் கையில்தானே இருக்கிறது என்று நானும் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தேழு வருஷம் தோணிக்காரர் பெண்டாட்டியாக இருந்தும் ஒரு தோணியில்கூட நான் கால் வைத்ததில்லை. இப்போது எங்கள் பனிமய மாதா கோவிலைவிட உயரமான கப்பலுக்குள் போகிறேன். என் கண்ணெல்லாம் அதன் மேல்தான் இருந்தது.

அறை நன்றாக இருந்தது. நாற்காலி தாராளமாக நுழைகிற வாசல், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார்ந்து குளிக்க ஒரு பலகை. சாதாரண அறைகளில் குளியலறை வாசலில் ஒரு மேடு இருக்கும், நமக்கு அது பெரிய மதில். அதனால் மேடு உண்டா, வாசல் எத்தனை அகலம், மின்தூக்கியிலிருந்து அறை எவ்வளவு தூரம் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட்டால் ஐந்து நாளும் நாம்தான் அனுபவிக்க வேண்டும்.

கப்பல் சங்கு ஊதியது. ஜன்னலுக்கு வெளியே அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் மெல்ல நகர்ந்தன.

"என் செருப்ப எடுங்க, மேல போயி ஊரப் பாப்போம்" என்றேன்.

"செருப்பா? கரையில கிடக்கு." குடை வீட்டில் இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"கரையிலன்னா?"

"கயிறு கட்டுத இரும்புக்குத்தி இருக்குல்லா, அதுக்குப் பக்கத்துல. என் செருப்பையும் ஒன் செருப்பையும் சேத்து வச்சிருக்கேன். ஒருத்தனும் தொடமாட்டான்."

"எதுக்குங்க அங்க வச்சீங்க?"

இவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "கப்பல்ல ஏறுதோம்லா. செருப்போடயா ஏறுவாவ?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோணியில் செருப்புக்கால் வைக்கமாட்டார்கள். அது சோறு போடுகிற மரம். கிட்டங்கி வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுவார்கள், மூன்று வாரம் கழித்து வந்து அதையே மாட்டிக்கொள்வார்கள். முப்பது வருஷப் பழக்கம். கப்பலின் சாய்வுப் பாலத்தைப் பார்த்ததும் கை தானாக வேலை செய்திருக்கிறது. தன்னுடையதைக் கழற்றினவர், கையில் இருந்த என்னுடையதையும் அதற்குப் பக்கத்தில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

சொல்லி முடித்த பிறகுதான் இவர் என் காலைப் பார்த்தார். கட்டில் விளிம்பில் இடது கால் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. "மாதாவே!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

திட்டினேன். நான் திட்டினால் எங்கள் தெருவில் நாய் எழுந்து போகும். கப்பல் அறைக்குச் சுவர் மெல்லியது என்று பிறகுதான் தெரிந்தது. நடுவில் இவருடைய போன் அடித்தது. துறைமுகக் காவலில் இருக்கும் தங்கராசு, எங்கள் ஊர்க்காரர்தான். "அண்ணாச்சி, ஒங்க செருப்புதான இது? எடுத்து உள்ள வச்சிருக்கேன், மழ கிழ வந்தா நனஞ்சிரும்" என்று சொல்லிப் படமும் அனுப்பினார். காவல் அறை மேசைக்கடியில் இரண்டு ஜோடியும் பத்திரமாக இருந்தன.

"பாத்தியா? நான் சொன்னேம்லா" என்றார் இவர். அந்த நேரத்தில் இவரைக் கடலில் தள்ளாமல் விட்டது என் நல்ல குணம்.

ஆகவே, இரண்டாவது செருப்பு ஒன்றை எப்போதும் பெட்டியில் வையுங்கள். ஊன்றுகோலும் இரண்டு வையுங்கள். என்னுடைய பழைய கட்டைச் செருப்பு ஒன்று வீட்டுப் பரணில் சும்மாதான் கிடந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இவர் வெறுங்காலோடு என்னைத் தள்ளிக்கொண்டு போனார். உணவு மண்டபத்து வாசலில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு, "மன்னிக்க வேண்டும் ஐயா, காலணி இல்லாமல் அனுமதி இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கப்பலில் காலணி இல்லாமல் வராதே என்கிறார்களே என்று இவருக்கு உலகமே தலைகீழாகிவிட்டது. கடைசியில் அறையில் வைத்திருந்த வெள்ளைத் துணிச் செருப்பை மாட்டிக்கொண்டு, பூனை மாதிரி நடந்து வந்தார். மீனில் முள்ளும் இல்லை, புளியும் இல்லை, உறைப்பும் இல்லை. "சீக்காளிக்கு வச்ச மீனு" என்றார். நான் மூன்று தட்டு ஐஸ்கிரீம் மட்டும் எடுத்துவரச் சொன்னேன்.

இரண்டாம் நாள் முழுக்கக் கடல். மாசி மாதக் கடல், சாந்தமாகத்தான் இருந்தது. கப்பல் முழுவதையும் நாற்காலியில் சுற்றினேன். சாப்பாட்டு நேரத்துக்குக் கால் மணி முன்னாலோ பின்னாலோ போனால்தான் மின்தூக்கியில் இடம் கிடைக்கும். நடக்கத் தெரிந்தவர்கள் ஒரு மாடி ஏறுவதற்கும் மின்தூக்கியைத்தான் பிடிக்கிறார்கள். நீச்சல் குளத்துப் பக்கம் தரை ஈரம், ஊன்றுகோல் வழுக்கும். ஆபத்துக் காலத்தில் எங்கே கூட வேண்டும் என்று ஒத்திகை வைப்பார்கள். படி இறங்க முடியாது என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். தனியாக ஆள் ஒதுக்குவார்கள்.

மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில்தான் எனக்கு இடி காத்திருந்தது. மாலேயில் இந்தக் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு, சிறு படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். கப்பலின் பக்கவாட்டில் ஒரு மேடை, அதிலிருந்து ஆடுகிற படகுக்கு மூன்று அடி எடுத்து வைக்க வேண்டும். ஊழியர்கள் கை கொடுப்பார்களே தவிர யாரையும் தூக்கமாட்டார்கள். பயணிகளும் ஒருவரை ஒருவர் தூக்கக் கூடாது. கரையோடு நிற்கிற துறைமுகமா, படகில் போகிற துறைமுகமா என்பதுதான் நீங்கள் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. நாங்கள் அதைக் கேட்காமலே கிளம்பியிருந்தோம். இவர் தோணி மாலேயில் நேரே துறையில் போய் நிற்கும். கப்பலும் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம்.

பதினொரு மணிக்குப் படகு ஏறுவதற்கு ஒத்திகை. தரையில் பட்டை ஒட்டி இடைவெளியைக் காட்டி, ஒரு மரப்படியும் வைத்திருந்தார்கள். பொன்னிறத் தாடி வைத்த அதிகாரி ஒருவர் நின்றார். நான் ஊன்றுகோலோடு எழுந்து வலது காலை எடுத்து வைத்தேன். உடம்பு இடது பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் ஊன்றத் தரை இல்லை. படியின் கைப்பிடியைப் பிடித்து நின்றுகொண்டேன். இரண்டாவது தடவையும் அப்படியே.

அவர் என் முன்னால் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, கண்ணுக்கு நேராகப் பேசினார். "அம்மா, தரை ஆடாமல் இருக்கும்போதே இப்படி. நாளைக்குத் தரை ஆடும். உங்களை விழவிட என்னால் முடியாது. காலையில் படகுக்குப் பக்கத்தில் வேண்டுமானால் இன்னொரு தடவை பார்க்கலாம்." நியாயமாகத்தான் சொன்னார். நியாயமாகச் சொன்னதால் சண்டை போடவும் வழியில்லை.

அறைக்கு வந்ததும் இவர், "நான் தூக்கிட்டுப் போறேம்ளா. அந்தத் தாடிக்காரங்கிட்ட நான் பேசுதேன்" என்றார்.

"என்னை யாரும் தூக்கக் கூடாது" என்றேன். இவருக்குத் தெரியும். பத்து வயது வரைக்கும் என்னைப் பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும் மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு போனார்கள். கனக்கிறாள், இறக்கு, பிடி என்று என் தலைக்கு மேலேயே பேசிக்கொள்வார்கள். தையல் படித்து என் காலில் நின்ற அன்றைக்கு எடுத்த முடிவு அது. கல்யாணத்தன்றுகூட யாரையும் தொடவிடாமல் பீடம் வரைக்கும் நானேதான் நடந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி முதல் ஒரு வருஷம் அந்தக் காலை நான் இவருக்குக் காட்டவே இல்லை. காலுறை போட்டுக்கொண்டுதான் தூங்குவேன், தூத்துக்குடி வெக்கையில். பார்த்தால் மனசு விட்டுப்போகும் என்று பயம். இவரும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. மாலேக் கட்டை வந்தபோது, அளவு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பழைய செருப்பை வைத்துப் பார்த்தேன் என்றார். நம்பினேன்.

அழுதால் இவருக்குத் தாங்காது என்பதால் தூங்குகிற மாதிரிப் படுத்துக்கொண்டேன். கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அரை மணி நேரம் கழித்து வந்தபோது, கூடவே எங்கள் அறையைச் சுத்தம் செய்யும் மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணும் வந்தாள். அவள் கை நிறைய வெள்ளைத் துணிச் செருப்புகள்.

"உங்கள் கணவர் பத்து ஜோடி கேட்டார்" என்றாள் ஆங்கிலத்தில். "அறையில் எத்தனை பேரை ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்கத்தான் நானே வந்தேன்."

இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செருப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஏறி நின்றால் மெத்தை மாதிரி அமுங்கியது. மரிசெல் யோசித்து, சாப்பாட்டு மேசையில் சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்கும் தக்கை வட்டுகளைக் கொண்டுவந்தாள். ஒரு செருப்பு, ஒரு வட்டு, ஒரு செருப்பு, ஒரு வட்டு. இப்போது நின்றது. கப்பலில் திரைச்சீலை தைக்கும் இடத்திலிருந்து ஒரு தடித்த ஊசியும் வாங்கி வந்தாள். நைலான் நூல்கண்டு இவர் பையிலேயே இருந்தது. செருப்பைக் கரையில் விடுகிற மனுஷன், நூல்கண்டு இல்லாமல் வீட்டு வாசல் தாண்டமாட்டார்.

"இதென்ன தையல்? தோணிப் பாய்க்குப் போடுத தையலா இருக்கு" என்றேன் கட்டிலில் இருந்தபடியே.

"பாய்த் தையல்தான். புயலுக்கே பிரியாது."

"புயலுக்குப் பிரியாது. கால அறுக்கும். குடுங்க இங்கன."

விளிம்பை நான் தைத்தேன், நடுவை இவர் இறுக்கினார். என் பழைய சேலைத் தலைப்பைக் கிழித்து வாராக்கி, கணுக்காலைச் சுற்றி எட்டுப் போல இழுத்துக் கட்டினார், சரக்கு மூட்டை நகராமல் கட்டுகிற கட்டு. இத்தனைக்கும் நடுவில் இவர் தலை நிமிரவே இல்லை. "நீ மூசாபேயப் பாக்கணும்ளா. என்னால அது போச்சின்னு ஆவக்கூடாது" என்று காலைப் பார்த்துத்தான் சொன்னார். என் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. கட்டிலைப் பிடித்து எழுந்து பதினோரு அடி நடந்தேன். மரிசெல் கை தட்டினாள். பிறகு தன் அம்மாவும் முழங்கால் வலியோடு வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள் என்று சொல்லி, அந்த விசித்திரத்தைப் படம் எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் விடிந்தபோது மாலே ஜன்னலில் இருந்தது. தண்ணீருக்கு மேலே நேரடியாகக் கட்டடங்களை நட்டுவைத்த மாதிரி ஒரு ஊர்.

படகு மேடையில் அதே தாடி அதிகாரி. என் காலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், ஒதுங்கி வழி விட்டார். படகு ஒரு முழம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் துணிச் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தபடி முதலில் தாவினார்.

"என் கால்ல இருக்கது?" என்று கேட்டேன். இவர் ஒழுங்கு எனக்கும் தெரியுமே.

கொஞ்சம் யோசித்தார். "அது கப்பல் சாமான்ல செஞ்சது. கப்பல் பொருளு கப்பல்ல கிடக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஊழியர் கையை நீட்டி, பொறுங்கள் என்றார். இவர் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய அலை மூன்று போன பிறகு படகு ஒரு நிமிஷம் மூச்சுப் பிடித்த மாதிரி நின்றது. "இப்ப" என்றார். அதே நேரத்தில் ஊழியரும் ஆங்கிலத்தில் அதையே சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று. படகுக்குள் உட்கார்ந்து ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டேன். பின்னால் இருந்த வடநாட்டுக் குடும்பம் ஒன்று கை தட்டியது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சிரித்துவைத்தேன்.

கரையில், நிழலில் போட்ட கயிறு பின்னிய இரும்பு இருக்கையில் ஒரு மெலிந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய பிஸ்கட் தகர டப்பா, பக்கத்தில் துணி சுற்றிய பொட்டலம். எங்களைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே, "ஏலே தண்டல்! செருப்பு எங்கலே?" என்று கத்திவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். இவர் முந்தின நாளே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். மூசாபே தமிழ் கற்றது எங்கள் ஊர்த் தோணிக்காரர்களிடம். அதனால் மாலேத் துறையில் அப்படியே தூத்துக்குடி.

என்னிடம் மட்டும் மரியாதையாகப் பேசினார். "வாங்க தங்கச்சி. ரொம்ப நாளாச்சில்லா பாத்து" என்றார். நாங்கள் பார்த்ததே இல்லை என்பது அவருக்கு நினைவில்லையா, இல்லை அப்படித் தோன்றவில்லையா தெரியாது. எனக்கும் முதல் தடவை பார்க்கிற மாதிரி இல்லை. சொல்ல வேண்டும் என்று ஊரிலிருந்தே மனப்பாடம் செய்து வந்ததையெல்லாம் விட்டுவிட்டு மக்ரூன் டப்பாவை நீட்டினேன்.

அவர் வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் காலைப் பார்த்தார். துணிச் செருப்பு அடுக்கை விரலால் தட்டி, "யாரு தச்சது?" என்றார். இரண்டு பேரும் என்றேன். "படகு முங்காது" என்றார். பிறகு பொட்டலத்தைப் பிரித்தார். வார் மாட்டிய புதுக்கட்டை. ஓரம் வழவழப்பாக இல்லை, உளி நடுங்கின தடம் அங்கங்கே தெரிந்தது. கட்டி நின்று பார்த்தேன். நாலு விரலும் சரியாக நாலு விரல்.

தகர டப்பாவுக்குள் என் கால்கள் இருந்தன. நான் இத்தனை வருஷமாக வரைந்து அனுப்பிய காகிதங்கள், ஒவ்வொன்றாக மடித்து அடுக்கி வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் காகிதம் இல்லை, பாய்த்துணித் துண்டு ஒன்று இருந்தது. அதில் கரியால் ஒரு கால் தடம். என் இடது கால்தான், சுண்டுவிரல் தரையில் படாது, அந்த இடம் காலியாக இருந்தது.

"இது நான் அனுப்பலயே" என்றேன்.

"இது மொதல்ல வந்தது" என்றார் மூசாபே. "தண்ணிக் காலு. தண்டல் சொல்லலயா?"

இவர் கடலைப் பார்த்து நின்றுகொண்டார். வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் சொன்னார். "நீ குளிச்சிட்டு வருவல்லா, சிமெண்டுத் தரையில ஈரக்காலு பதிஞ்சி கிடக்கும். நீ ரூமுக்குள்ள போனதும் துணிய மேல போட்டு எடுத்து, ஈரத்தச் சுத்திக் கரியால வரைவேன். வெயில்ல சட்டுன்னு காஞ்சிரும். மொத ரெண்டு நாளு பாதிதான் கெடச்சிது. மூணாம் நாளுதான் முழுக் காலும் கெடச்சிது."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்லா?"

"நீதான் காட்டமாட்டேன்னு இருந்தியே. ஒனக்கா தோணும்போது காட்டட்டும்னு இருந்தேன். அதுக்காவ அதுவரைக்கும் இடுப்பு வலிக்கணுமா?"

நான் ஒரு வருஷம் காலுறைக்குள் ஒளித்துவைத்த காலுக்கு, இந்த மனுஷன் தரையில் முட்டி போட்டு மூன்று நாள் தடம் எடுத்திருக்கிறார். மறைத்தவள் நான் ஒருத்திதான், இவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது. அந்தத் துறையில், அத்தனை வெளிநாட்டுக்காரர்கள் போகவர, உட்கார்ந்து அழுதேன். வெட்கப்படவில்லை. மூசாபே மக்ரூன் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நான் அழுது முடிக்கிற வரைக்கும் நிதானமாகச் சப்பிக்கொண்டிருந்தார்.

அப்புறம் தேநீர்க்கடைக்குப் போனோம். மாசிக்கருவாட்டை உதிர்த்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், எலுமிச்சை போட்டுப் பிசைந்து, மெல்லிய ரொட்டியோடு கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து நாக்குக்கு உயிர் வந்தது. கடைக்கு ஒரே ஒரு படி. புதுக்கட்டையில் நானே ஏறினேன். மூசாபே என் நடையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார், முகத்தைப் பார்க்கவே இல்லை. பிரியும்போதுதான் சொல்ல வந்ததைச் சொல்ல முடிந்தது. "நீங்க குடுத்த காலுல நின்னுதான் மகளப் படிக்க வச்சேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "இதுவும் பத்து வருஷம் வரும், மரம் நல்ல மரம்" என்றார்.

திரும்பப் படகுக்கு வரும்போது அலை கொஞ்சம் கூடியிருந்தது. இவர் வழக்கம்போலத் துறையின் விளிம்பில் துணிச் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் படகில் ஏறினார். யாருக்காக வைத்தாரோ, அது இப்போதும் மாலேயில்தான் கிடக்கும். ஏறி நின்று என் பக்கம் கையை நீட்டினார்.

நான் என் காலைப் பார்த்தேன். இது கப்பல் சாமானில் செய்தது இல்லை. அசல் செருப்பு, அடிக்கட்டையில் மாலே மண் ஒட்டியிருந்தது. முப்பது வருஷம் சோறு போட்ட மரத்துக்கு இவர் வைத்திருக்கிற மரியாதையை நான் மிதிக்க வேண்டாம் என்று தோன்றியது. ஊன்றுகோலைத் தூணில் சாய்த்துவிட்டுக் குனிந்து வாரை அவிழ்க்கப் போனேன்.

"என்ன செய்த?" என்றார்.

"கழத்திக் கையில வச்சிக்கிடுதேன். நீங்க என்னத் தூக்கிருங்க. தாடிக்காரரு ஏசுனா ஏசட்டும்." இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். சொன்னது நான்தானா என்று எனக்கே இருந்தது.

இவர் நீட்டிய கையை மடக்கவில்லை. ஒரு பெரிய அலை போயிற்று. இன்னொன்று போயிற்று.

"அது செருப்பாளா?" என்றார். "அது ஒன் காலுல்லா. அவுக்காத. அப்படியே ஏறு."

மூன்றாவது அலையும் போனது. ஏறினேன்.